இரண்டு வீடுகளின் மான் எலும்புகள்

போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் என் மேசையில் ஒரு புது இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. உடைந்த எலும்புத் துண்டுகளை அதன் தட்டில் வைத்தால் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறது. பிறகு எந்தத் துண்டு எதனோடு பொருந்தும் என்று கணினி தானாகவே தேடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு துண்டுகள் திரையில் மிதந்து வந்து ஒட்டிக்கொண்டன. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இது வருவதற்கு முன் எப்படிச் செய்தீர்கள் என்று இப்போது அங்கே வேலை செய்பவர்கள் கேட்டார்கள். கையால் என்றேன். அப்படியென்றால் அந்த மாயா எலும்புகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லி முடிக்கும்போது எல்லாருடைய காப்பியும் ஆறிவிட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இதைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு நான் இத்தனை வருடம் என்ன வேலை செய்தேன் என்று சரியாகத் தெரியாது. ‘மியூசியத்தில எலும்பு கழுவுறா’ என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடத்தோடு போர் அதை நிறுத்தியது. கல்யாணம் முடிந்து நோர்வேக்கு வந்து, வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்டில் மூன்று குளிர்காலம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு ஒஸ்லோ, அங்கே ரொம்சோஸ் பகுதியில் ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள், மொழி வகுப்பு. வேலை தேடித் தரும் அலுவலகத்தில் இருந்த பெண், என் பழைய படிப்பைப் பார்த்துவிட்டு, தொல்லியல் ஆய்வுகூடம் ஒன்றில் எலும்பு கழுவ ஆள் தேடுகிறார்கள், போகிறீர்களா என்று கேட்டாள். அடுத்த திங்கட்கிழமையே போய் நின்றேன்.

அங்கே பொறுப்பாளராக இருந்தவர் ஹல்வார். நல்ல உயரம். இடது காது கேட்காது. ஆகவே அவரோடு கதைக்க வேண்டுமென்றால் வலது பக்கம் போய் நிற்க வேண்டும். நோர்வே மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான், அவரை ‘நீ’ என்று கூப்பிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ‘நல்லது’ என்று சொல்லியும் கேட்டதில்லை. ஒரு வேலை அவருக்குப் பிடித்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி மேசைக்கு வருவதற்காக நாங்கள் எல்லாரும் பாடுபட்டோம்.

அவரிடம் சில விதிகள் இருந்தன. நின்றுகொண்டு எலும்பைத் தொடக் கூடாது, உட்கார வேண்டும். மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. எழுதுவதெல்லாம் பென்சிலால், ஏனென்றால் மை நனைந்தால் கரையும். கழுவுவது வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்பு இல்லாமல், மெல்லிய பல்துலக்கியால். ஊறவிடக் கூடாது. கழுவியதும் அறைகள் பிரித்த தட்டில் காகிதம் விரித்து, ஒவ்வொரு பையின் எலும்பையும் ஒவ்வோர் அறையில் வைத்து, பக்கத்தில் அந்தப் பையின் எண் எழுதிய துண்டுச் சீட்டையும் வைக்க வேண்டும். சீட்டின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு, பறக்காமல் இருக்க. வெயிலும் ஹீட்டரும் படாமல் மூன்று நாள் காய வேண்டும். அவசரப்பட்டால் எலும்பு வெடித்துவிடும். காய்ந்த பிறகுதான் எலும்பின் மேலேயே எண் எழுதுவோம். அந்த மூன்று நாளும் எலும்புக்கு இருக்கும் ஒரே அடையாளம் அந்தச் சீட்டுத்தான்.

கேள்வி ஒன்றுதான் கேட்பார்: “என்ன பார்க்கிறாய்?” ‘என்ன நினைக்கிறாய்’ என்று கேட்கவே மாட்டார். ஆரம்பத்தில் நான் நினைத்ததைச் சொல்லிவிடுவேன். பேசாமல் காத்திருப்பார். பிறகுதான் பார்த்ததைச் சொல்லத் தொடங்குவேன்.

மாயா எலும்புகள் வந்தபோது நான் அங்கே சேர்ந்து பல வருடமாகிவிட்டது. மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலாவின் காட்டுக்குள் மூடிக் கிடந்த, மாயா என்ற பழங்குடி மக்களின் ஒரு பழைய நகரத்தை லூசியா என்ற தொல்லியலாளர் தோண்டிக்கொண்டிருந்தார். அரசனின் மாளிகையை விட்டுவிட்டு, சாதாரணச் சனம் இருந்த பகுதியில் இரண்டு வீடுகளை அவர் தோண்டியிருந்தார். நாங்கள் அவற்றைக் கிழக்கு வீடு, மேற்கு வீடு என்று சொல்வோம். இரண்டு வீட்டுக்குப் பின்னாலும் ஒவ்வொரு குப்பை மேடு. அந்த மேடுகளில் கிடைத்த மான் எலும்புகளை, மூன்று வருடத்தில் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு, அந்நாட்டு அரசின் அனுமதி பெற்று எங்களிடம் அனுப்பினார்.

முதல் பெட்டியைத் திறந்தபோது எனக்கு ஏற்பட்ட பரபரப்பு இன்னும் போகவில்லை. சாப்பிட்டு எறிந்த எலும்பு கன்னாபின்னாவென்று உடைந்திருக்கும். இவை வரிசையாக, ஒரே அளவில், கவனமாக வெட்டப்பட்டிருந்தன. மாயாக்காரர் மானின் முழங்காலுக்குக் கீழே உள்ள நீளமான எலும்பைத்தான் விரும்பி எடுத்திருக்கிறார்கள். அது நேராகவும் தடிப்பாகவும் இருக்கும். முதலில் மூட்டுப் பக்கத்து நுனிகள் இரண்டையும் வெட்டி எறிவார்கள். நடுவில் மிஞ்சும் குழலை நீளவாக்கில் பிளந்தால் கீற்றுகள் வரும். கீற்றைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து ஊசி, கொண்டை ஊசி, துளைபோடும் கருவி எல்லாம் செய்வார்கள். இரும்பு இல்லாத ஊரில் இத்தனையும் எரிமலைக் கல்லால் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி போல இருக்கும் அந்தக் கல்லின் விளிம்பு சவரக் கத்தியைவிடக் கூர்மையானது.

எப்படி வெட்டியிருப்பார்கள் என்று தெரியாமல் வெட்டுக் கோடுகளைப் படிக்க முடியாது, நாங்களும் வெட்டிப் பார்ப்போம் என்றார் ஹல்வார். அவருக்குத் தெரிந்த வேட்டைக்காரர் ஒருவர் அந்த இலையுதிர்காலத்தில் மான் கால்கள் எட்டைக் கொண்டுவந்து தந்தார். நிலவறையில் பெரிய பானையில் அவித்தோம். மணம் மின்தூக்கி வழியாக மூன்றாம் மாடிக்குப் போய், அங்கிருந்தவர்கள் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டு இறங்கி வந்தார்கள். பிறகு நான் கல்லை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு நுனியை வெட்ட எனக்குக் காலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை ஆனது. உள்ளங்கையில் கொப்பளம். சுற்றிவர ஆழமாகக் கோடு இழுத்து, கடைசியில் பட்டென்று முறித்தேன். முறிந்த இடத்தில் ஒரு பக்கம் சிறிய நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. மற்றப் பக்கம் அதே அளவில் ஒரு பள்ளம். பழைய எலும்புகளிலும் அதே நாக்கு, அதே பள்ளம். ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் யாரோ ஒருவரின் கையும் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து முறித்திருக்கிறது! அன்று வீட்டுக்குப் போய்க் கொப்பளத்தை எல்லாருக்கும் காட்டினேன். என் கணவர் முதலில் குளித்துவிட்டு வந்து சாமி விளக்கைக் கொளுத்தச் சொன்னார்.

நாக்கும் பள்ளமும் இரண்டு எலும்பில் ஒன்றுபோல வராது. ஆகவே எந்த நுனி எந்தக் குழலிலிருந்து வெட்டப்பட்டது என்று பொருத்திக் கண்டுபிடிக்கலாம். லூசியாவின் கேள்வி அதில்தான் தங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனித்தனியாக வேலை செய்தார்களா, அல்லது ஒரு வீடு வெட்ட மற்ற வீடு ஊசி செய்ததா? ஒரு வீட்டு நுனி மற்ற வீட்டுக் குழலோடு பொருந்தினால், அரசன் கட்டளை இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் இருவர் தமக்குள் வேலையைப் பகிர்ந்த கதை வெளியே வரும்.

நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒன்றை எடுத்து மற்ற எல்லாவற்றோடும் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களில் ஒரு சோடி மட்டும் கிடைத்தது. நுனியும் மேற்கு வீடு, குழலும் மேற்கு வீடு. ஒரே வீட்டுக்குள் பொருந்துவதில் புதுமை இல்லை. எண்களைக் குறித்து, குழலை அதன் பைக்குள் திருப்பி வைத்துவிட்டு, நுனியை மட்டும் ‘சாதாரணம்’ என்று எழுதி இழுப்பறையில் வைத்தேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அடுத்தது வந்தது. கிழக்கு வீட்டு நுனி ஒன்றை மேற்கு வீட்டுக் குழலோடு வைத்தபோது நாக்கு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எழும்பி ஹல்வாரின் வலது பக்கம் போய் நின்றேன்.

“என்ன பார்க்கிறாய்?” என்றார்.

“கிழக்கு நுனி, மேற்குக் குழல். நாக்கு பொருந்துகிறது. வெட்டுக் கோடுகள் இரண்டிலும் தொடர்கின்றன.”

வந்து உட்கார்ந்து, பொருத்தினார், பிரித்தார், திரும்பப் பொருத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உடனே லூசியாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். அவர் ஸ்பானிய மொழியில் யாரையோ கூப்பிடும் சத்தமும், பலர் ஓடி வரும் சத்தமும், சிரிப்பும் கேட்டன. அடுத்த மாதம் நடக்கவிருந்த ஒரு பெரிய மாநாட்டில் இதையே பேசப்போவதாகச் சொன்னார். நான் அந்தக் கிழமை முழுவதும் நிலத்தில் நடக்கவில்லை.

மாநாட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அந்தச் சோடியின் படத்துக்குக் குறிப்பு எழுத, கழுவிய நாளைத் தேடி நாட்குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்த நுனி வந்த பையைக் கழுவிய திகதியில் விரலை வைத்து நிறுத்தினேன். அது தீ ஒத்திகை நடந்த நாள்.

அன்று காலை இரண்டு வீட்டுத் தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. கடைசி இரண்டு பைகளுக்குச் சீட்டு வைத்தேன், கண்ணாடிக் குண்டு வைக்கவில்லை, மணி அடித்துவிட்டது. எல்லாரும் வெளியே பனியில் போய் நின்றோம். திரும்பி வந்தபோது இரண்டு சீட்டும் நிலத்தில் கிடந்தன. யாரோ கதவைத் திறந்ததில் காற்று அடித்திருக்க வேண்டும். எது எங்கே இருந்தது என்று எனக்கு நல்ல ஞாபகம் என்று எண்ணி, எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு பையிலும் மும்மூன்று துண்டு. பட்டியலில் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது, அதை வைத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. சீட்டு விழுந்ததைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. அது எழுத வேண்டிய விசயமாகவே அன்று எனக்குத் தோன்றவில்லை.

நான் சீட்டை மாற்றி வைத்திருந்தால் அந்த ‘கிழக்கு’ நுனி உண்மையில் மேற்கு. நாங்கள் கொண்டாடிய சோடி ஒன்றுமே இல்லை.

அன்று ரயிலில் என் இறங்குமிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சாப்பாட்டு மேசையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் பேருந்து ஓட்டுநர். எதையும் நிதானமாகக் கேட்பவர்.

“இஞ்சை பாரும், சீட்டு விழுந்தது உமக்கு மட்டும்தானே தெரியும்?” என்றார்.

“ஓம். அதுதான் பிரச்சினை” என்றேன்.

தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, “அப்ப நாளைக்கு வெள்ளணப் போம்” என்றார்.

ஹல்வார் வருவதற்கு முன்பே போய் அவர் அறை வாசலில் நின்றேன். அவர் மேற்சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன், அதுவும் கேட்காத காதின் பக்கம். திரும்பவும் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் என் முன் வைத்தார்.

“நினைப்பதை எழுதாதே. அன்று பார்த்ததை மட்டும் எழுது. கையெழுத்துப் போடு.”

எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. அதைப் படித்துவிட்டு, லூசியாவுக்குத் தானே சொல்வார் என எதிர்பார்த்தேன். தொலைபேசியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனார்.

என் ஆங்கிலம் அன்று கால் இடறி விழுந்து எழும்பியது. லூசியாவின் ஏழு வருட உழைப்பு அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

வழி இருந்தது, ஆனால் அதையும் நானே கழுவிவிட்டிருந்தேன். கிழக்கு வீட்டுக் குப்பை மேட்டில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். மேற்கு வீட்டு மேட்டில் அடுப்பிலிருந்து கொட்டிய சிவந்த சுட்ட மண். கழுவாத எலும்பைப் பார்த்தாலே தெரியும். கழுவிய எலும்பில்?

வளாகத்தின் மறுபக்கத்தில் மண்ணை ஆராயும் பிரிவில் மீனாட்சி இருந்தாள். மதுரைப் பெண், ஆராய்ச்சிக்காக வந்தவள். உணவகத்தில் தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்த்துப் பழக்கமானவள். நான் ‘நீர்’ என்று கூப்பிடும்போதெல்லாம் தனக்குத் தண்ணீர் எடுத்துத் தரவேண்டும்போல இருக்கிறது என்று சிரிப்பாள். நான் இரண்டு பைகளின் ஆறு துண்டுகளையும், லூசியா அனுப்பியிருந்த இரண்டு மண் மாதிரிகளையும் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

அவள் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அக்கா, வெளிய கழுவிட்டீங்க. உள்ள கழுவ முடியாதுல்ல?” என்றாள்.

நுனியின் உட்புறம் கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். மயிரளவு மெல்லிய ஊசியால் அதற்குள் ஆழமாகப் போய், ஒரு துகளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

“என்ன தெரியுது? சொல்லும்” என்றேன்.

“ரெட், அக்கா. ஸாரி. நல்ல செவப்பு.”

மற்ற இரண்டு துண்டும் சிவப்பு. மூன்றும் மேற்கு வீடு. நான் சீட்டை மாற்றித்தான் வைத்திருக்கிறேன். கதிரையில் உட்கார்ந்தேன். லூசியாவின் பேச்சு போயிற்று, ஹல்வாரின் பெயர் போயிற்று என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓடியது. மீனாட்சி என்னைப் பார்க்காமல் மற்றப் பையைத் திறந்தாள். அதில் இருந்தவை குழல்கள். உள்ளே வழவழப்பு, துகள் தங்க இடமில்லை. ஆனால் மானின் அந்த எலும்பில் இரத்தக் குழாய் நுழையும் ஒரு சிறு துளை இருக்கிறது. அதைக் காட்டினேன். ஊசியை விட்டாள்.

“அக்கா, இது வெள்ளை. சுண்ணாம்பு. அப்ப இந்தப் பை கிழக்கு வீடு! நீங்க ரெண்டு சீட்டையும்தான மாத்தினீங்க, ஸோ ரெண்டு பையும் மாறியிருக்கு.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். மேற்கு என்று எண் போட்ட அந்தக் குழல்களில் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். அது ‘சாதாரணம்’ என்று நான் எழுதி ஒதுக்கிய அந்த முதல் சோடியின் குழல்! அதனோடு பொருந்திய, இழுப்பறையில் கிடக்கும் நுனி வேறொரு நாள் கழுவிய, சீட்டு விழாத பையிலிருந்து வந்தது. அது சந்தேகமே இல்லாமல் மேற்கு.

கோட்டுப் போடாமல் பனிக்குள் ஓடினேன். வளாகத்தைக் கடந்து, படியேறி, இழுப்பறையை இழுத்து, விதியை ஞாபகப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மீனாட்சி எலும்புகளோடு பின்னால் வந்து சேர்ந்தாள். ஹல்வார் எழும்பி வந்தார். அந்த நுனியையும் ஊசியால் குடைந்து பார்த்தோம். சிவப்பு. குழலில் வெள்ளை. நாக்கும் பள்ளமும் கவ்விப் பிடித்தன.

ஹல்வார் கேட்காமலே சொன்னேன்: “மேற்கு நுனி. கிழக்குக் குழல்.”

இரண்டு வீட்டுக்கும் தொடர்பு உண்டு என்பது நிலைத்தது. வேலை போன திசைதான் மாறியது. மேற்கு வீடு நுனியை வெட்டி எறிந்துவிட்டுக் குழலைக் கொடுத்திருக்கிறது. கிழக்கு வீடு வாங்கி ஊசி செய்திருக்கிறது. நாங்கள் ஒரு மாதமாகத் தலைகீழாகச் சொல்லித் திரிந்தோம். கிழக்கு வீட்டில் மட்டும் ஏன் இவ்வளவு ஊசி உடைசல் என்று லூசியாவை வருடக்கணக்காக உறுத்திய கேள்விக்கும் அப்போதுதான் விடை வந்தது. தொலைபேசியில் அவர் அழுதாரா சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் இரண்டும் செய்தேன்.

அடுத்த பத்து நாளும் பெட்டி பெட்டியாகச் சோதித்தோம். மீனாட்சி தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஊசியோடு வந்தாள். வேறு எந்தப் பையும் மாறியிருக்கவில்லை. அந்தச் சோதனையின்போதே மேற்கிலிருந்து கிழக்குக்குப் போன இன்னும் இரண்டு சோடிகள் அகப்பட்டன. லூசியா மாநாட்டில் முதல் படமாக என் நான்கு வரித் தாளைத்தான் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிழை நடந்த விதத்தைச் சொல்லிவிட்டுத்தான் எலும்புக்குப் போனாராம். ஹல்வார், சீட்டு விழுந்தால் அந்த நேரமே குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று விதிப் பலகையில் ஒரு வரி சேர்த்தார். அதன் கீழே என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். போடு என்றேன். அந்தப் பலகை இப்போதும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறது.

மூன்று வருடம் முடிந்ததும் எலும்புகள் திரும்பிப் போக வேண்டும். பெட்டிகளோடு ஒரு ஆள் போவது வழக்கம். வழக்கமாக ஹல்வார்தான் போவார். இந்தத் தடவை பயணத் தாளில் ‘வதனி’ என்று என் பெயரை எழுதியிருந்தார்.

குவாத்தமாலாவில் பெட்டிகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகு லூசியா என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போனார். ஆறு மணி நேரம் குலுங்கினோம். வெக்கை யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதம் போல இருந்தது. நோர்வேயில் இருந்து இருந்து எனக்கு அது மறந்துபோயிருந்தது. ஓரிடத்தில் மரங்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கு இரண்டு தெரிந்தது. அவ்வளவுதான் வீடுகள். எண்ணாக மட்டும் எனக்குத் தெரிந்திருந்த இடம்.

நான் மேற்கு வீட்டு வாசலில் நின்று, கிழக்கு வீட்டு வாசல்வரை நடந்து பார்த்தேன். நாற்பத்தொரு காலடி. கூப்பிட்டால் கேட்கும் தூரம். திரும்பிப் போனேன். இந்தத் தடவை வெட்டிய குழல்களை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவள் போல, கொஞ்சம் மெதுவாக நடந்தேன். லூசியா முதலில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓடிப்போய்க் கிழக்கு வீட்டு வாசலில் நின்று, வாங்குவதற்காக இரண்டு கையையும் நீட்டினார்.